கையை எடுத்தால் அணையும் அடுப்பு: ஒரு கையேட்டைப் பற்றி

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மூன்று பர்னர் ஹாப் போன மாதம் அடம்பிடிக்க ஆரம்பித்தது. இடது பர்னர், நாபை அழுத்திப் பிடிக்கிற வரை நன்றாக எரியும். கையை எடுத்தா பொசுக்குனு அணைஞ்சிடும். கம்பெனி பெயர் வேண்டாம். நான் குறை சொல்லப்போவது அதோடு வந்த கையேட்டைத்தான்.

'பழுதும் தீர்வும்' என்று ஒரு அட்டவணை. என் பிரச்சினைக்கு எதிரே இருப்பது இவ்வளவுதான்: நாபை இன்னும் பத்து விநாடி பிடிக்கவும், சரியாகாவிட்டால் சர்வீஸை அழைக்கவும். எதற்குப் பிடிக்கணும்? அது மட்டும் இல்லை.

பர்னர் ஓரத்தில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பொறி தருவது, மற்றது தெர்மோகப்பிள். நம்ம ப்ளஸ் டூ இயற்பியலில் வந்த அதே வெப்ப மின்னிரட்டைதான். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் முனை சூடானால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821-ல் சீபெக் கண்டது. அடுப்பில் அது ஏதோ இருபது முப்பது மில்லிவோல்ட். டார்ச் செல்லில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் துளி மின்சாரம் வால்வுக்குள் ஒரு குட்டி மின்காந்தத்துக்குப் போகிறது. அந்தக் காந்தத்துக்கு வால்வைத் திறக்கிற பலம் கிடையாது, திறந்ததைப் பிடித்துவைக்க மட்டும்தான் முடியும். திறப்பது நம் கை. முனை சூடேறுகிற வரை கை பிடிக்கணும், அதுதான் அந்தப் பத்து விநாடி.

இதை மட்டும் எழுதியிருந்தால் மிச்சத்தை வாசகரே கண்டுபிடித்துவிடுவார். பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் கேஸ் சரியாகத்தான் வருகிறது. மின்சாரம்தான் காந்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. சுடர் முனையில் படுகிறதா, முனையில் அழுக்கா, கம்பியின் மறுமுனை நட்டு தளர்ந்திருக்கா, அதற்கப்புறம்தான் புது தெர்மோகப்பிள். எங்கள் வீட்டில் பால் பொங்கி முனையில் கருப்பாகக் காய்ந்திருந்தது. ரெகுலேட்டரை மூடி, ஆறவிட்டு, நைஸ் எமரித் தாளால் தேய்த்தேன். சரியாயிடுச்சு.

அதற்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தேன். "இது எதுக்கு சார் தொல்லை, எடுத்துட்டு டைரக்டா போட்டுடறேன். நிறைய வீட்ல அப்படித்தான் போட்டிருக்கேன்" என்றார். காரணம் சொல்லாத கையேட்டின் விளைவு இதுதான். சுடர் அணைந்தால் கேஸை நிறுத்துவதற்காகவே இருக்கும் ஒரே பாகம் வீட்டுக்காரருக்குத் தொல்லையாகத் தெரிகிறது. எல்பிஜி காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கும். கடல்காத்து அடிக்கிற ஊர்ல ஜன்னலோர அடுப்பு அணையறதுக்கு எவ்வளவு நேரமாகும்?

பக்கத்து வீட்டு அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில் ஃபர்னஸில் வேலை பார்க்கிறார். "சுடர் போச்சுன்னா சென்சார் எரிபொருளைக் கட் பண்ணிடும். உள்ள இருக்கிற வாயுவை ஊதி வெளியேத்தாம திரும்பப் பத்தவைக்க விடாது தம்பி" என்றார். உங்க வீட்டு அடுப்புல? "அதையெல்லாம் அப்பவே கழட்டியாச்சு."

இன்னொரு விஷயம் கையேட்டின் அட்டவணை வடிவத்திலேயே இருக்கிறது. அணைவதை அது எப்போதும் பழுது என்றே பார்க்கிறது. குளிர் நாடுகளில், புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்புகளில் சின்ன பைலட் சுடர் ஒன்று விடாமல் எரியும். அறையில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சுடர் தூக்கிக்கொண்டு தெர்மோகப்பிளை விட்டு விலகும், முனை ஆறும், வால்வு மூடும். அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப பைலட் அணைந்தால் முதலில் ஜன்னலைத் திறக்கணும். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் போட்டு கார்பன் மோனாக்சைடில் செத்துப்போகிறவர்கள் இருக்கிற நாட்டில், 'அணைந்தால் மறுபடி பற்றவைக்கவும்' என்று மட்டும் எழுதுவது அலட்சியம்.

கசிவு என்றால் கூப்பிட வேண்டிய 1906 எண்ணும் கையேட்டில் இல்லை. இதையெல்லாம் ஒரு பக்கமாக எழுதி கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் மறுநாளே வந்தது: சர்வீஸ் எண்.