கால்கட்டும் ஊழியமும்: எமி கார்மைக்கேலின் எழுத்தில் பொன்னம்மாள்

திருநெல்வேலிக் கிறித்தவ ஊழியத்தின் வரலாறு பெரும்பாலும் நடையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஊர் ஊராகச் சென்று நற்செய்தி உரைப்பது ஊழியம். பிள்ளை வளர்ப்பதும் நோயுற்றோரைப் பேணுவதும் அதற்குத் துணைநிற்கும் வீட்டு வேலை. இத்தரவரிசையை அதன் உள்ளிருந்தே குலைத்தவர் எமி கார்மைக்கேல் (1867–1951). அவருடைய நூல்களுள் 1918இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பொன்னம்மாளின் வாழ்க்கை வரலாறு இவ்வகையில் தனிக் கவனத்திற்குரியது. எனினும் அது பக்தி நூலாகப் படிக்கப்பட்ட அளவிற்கு உழைப்பின் ஆவணமாகப் படிக்கப்படவில்லை.

1903இல் வெளிவந்த அவருடைய தொடக்க கால நூலில், தமிழ்ப் பெண்கள் சிலருடன் கிராமந்தோறும் செல்லும் ஊழியரையே காண்கிறோம். 1901இல் கோயிற்பணிக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அடுத்த சில ஆண்டுகளில் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தன. டோனாவூர் குழந்தைகள் இல்லமாயிற்று, பயணம் நின்றது. கற்பிக்கவும் உரைக்கவும் வந்தவர் தாதியாக அமர்வது தகுமா என்ற வினா பிறரிடம் மட்டுமன்றி அவருள்ளேயும் எழுந்ததை அவர் மறைக்கவில்லை. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டுவர் என்னும் கருத்துடைய தமிழ்ப் பழமொழி ஒன்றே அவருக்கு விடையளிக்கிறது. ஆணியறையப்பட்ட கால்களை உடையவருக்காகத் தம் கால்கள் கட்டுண்பதை அவர் ஏற்கிறார். கால்கட்டு என்பது தமிழ் வழக்கில் திருமணத்தைக் குறிப்பது. அதிலும் பொறுப்பின்றித் திரியும் ஆண்மகனை வீட்டில் நிறுத்துவதைக் குறிப்பது. மணம் செய்யாத அயல்நாட்டுப் பெண் ஒருவர் அப்பொருட்புலத்திற்குள் வந்து, நிற்றலையே ஊழியமாக மாற்றுகிறார். விவிலிய விளக்கவுரை எதனினும் இம்மாற்றம் ஆழமானது.

ஆனால் இறையியல் விளக்கம் ஒருவருடையது. இரவு விழிப்பு வேறொருவருடையது. பொன்னம்மாள் இளமையிலேயே கணவனை இழந்தவர். ஊர் சுற்றி ஊழியம் செய்த குழுவில் தொடக்கத்திலேயே சேர்ந்தவர். திருவிதாங்கூரின் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனையின் அருகே அமைந்த குழந்தைகள் காப்பகம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. குழந்தையைக் கழுவுவதும் துணி அலசுவதும் தம் நிலைக்குத் தகாதவை என்று கருதிய பெண்களிடையே, எவரும் விரும்பாத வேலையை அவர் பேசாமல் எடுத்துச் செய்ததாகக் கார்மைக்கேல் எழுதுகிறார். சீடர் கால்களைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொண்ட இயேசுவே அங்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறார். எந்த வேலை எவருக்குரியது எனச் சாதி வகுத்திருந்த சூழலில் இது வெறும் பணிவன்று. பிரசங்கத்தால் அசைக்க இயலாத ஒன்று அலசுதொட்டியருகே அசைந்தது எனலாம். கார்மைக்கேலும் இதனை அறிந்தே எழுதுகிறார்; ஆயினும் பொன்னம்மாளின் பேசாமையை அவர் நற்பண்பாக மட்டுமே கொள்கிறார். அம்மௌனத்திற்குள் களைப்போ மறுப்போ இருந்திருக்கக்கூடும் என்ற ஐயம் நூலில் இடம்பெறுவதில்லை.

டோனாவூரில் வழங்கிய உறவுப்பெயர்கள் இச்சிக்கலை மேலும் தெளிவாக்குகின்றன. கார்மைக்கேல் ‘அம்மா’, அயல்நாட்டிலிருந்து வந்த பெண் ஊழியர் ‘சித்தி’, குழந்தைகளைக் கையில் வைத்து வளர்த்த தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’, ஆண்கள் ‘அண்ணாச்சி’. சம்பளப் பணியாளர், மேலாளர் என்ற அலுவல் மொழியை விலக்கிக் குடும்பமொழியை அமைத்தது உண்மையான சாதனை. அங்கு எவரும் கூலிக்குத் தாயாக இருக்கவில்லை. ஆனால் தமிழ் உறவுமுறையில் சித்தி தாயின் தலைமுறை, அக்காள் பிள்ளையின் தலைமுறை. கடல் கடந்து வந்தவர் பெற்றோர் வரிசையிலும், மண்ணின் பெண்கள் உடன்பிறந்தார் வரிசையிலும் அமைகின்றனர். இல்லத்தில் வளர்ந்த பெண்களே பின்னர் அக்காள்மாராயினர் என்பது இதற்கு ஓரளவு நியாயமாகலாம். அண்ணாச்சி என்பதோ நெல்லை வழக்கில் மதிப்பிற்குரிய எவரையும் குறிக்குமாதலால் இக்கணக்கில் அடங்காது. எனினும் பெண்களைப் பொறுத்தவரை இவ்வரிசை தற்செயலானதெனத் தள்ளிவிட இயலாது. அன்பின் மொழியே அதிகாரத்தின் படிநிலையையும் தாங்கி நின்றது.

பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் மறைந்தார். பிறரைப் பேணியவர் பேணப்படுபவராக மாறும் இறுதிக்கட்டத்தை விவரிக்கும் பகுதிகள் நூலின் வலிமையான பகுதிகள். அங்கு ஆசிரியர் தலைவியாகவோ இறையியலாளராகவோ அன்றித் தோழியை இழக்கும் பெண்ணாகவே எழுதுகிறார். அறிவுரைத் தொனி தளர்கிறது. கார்மைக்கேலும் 1931இல் விழுந்து காயமுற்றபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழித்தார். அவரைப் பேணியவர்களுள் அவர் வளர்த்த பெண்களும் இருந்தனர். டோனாவூரில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் கல்லறைக் கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றும், அதில் ‘அம்மா’ என்ற சொல்லும் மட்டுமே உள்ளன. நெய்யூர்க் காப்பகத்தில் அச்சொல்லுக்குரிய வேலையைச் செய்த பொன்னம்மாளை இன்றைய வாசகர் அறிவது பெரிதும் கார்மைக்கேலின் ஆங்கிலத்தின் வழியாகவே.