விருந்தும் விலையும்

உணவகங்களைத் திறனாயும் எழுத்து இன்று பெருகியுள்ளது. 2016-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கென முதன்முதல் வெளிவந்த மிச்செலின் கையேடு, தட்டில் வரும் உணவு ஒன்றனையே நோக்கி விண்மீன் வழங்குவது. கூடத்தின் அழகும் பரிமாறுவோரின் பண்பும் அக்கணக்கில் சேரா. ஆயின், ஒரு குடும்பத்தார் தாமே முன்னின்று நடத்தும் உணவகத்திற்கு இவ்வளவுகோல் போதுமா என்பதே ஈண்டு எழும் வினா.

முதற்கண் பெயரை நோக்குவோம். வெனிஸ் நகரத்தவரான பாவ்லோ ஸ்கார்ப்பாவும் அவர்தம் துணைவியாரும் 1989-இல் சிங்கப்பூரில் தொடங்கிய இத்தாலிய உணவகத்தின் பெயர் ‘டா பாவ்லோ’. ஆட்பெயரின்முன் வரும் ‘டா’ என்னும் சொல் ‘இன்னார் வீட்டில்’, ‘இன்னாரிடத்தில்’ எனப் பொருள்படும். 1924-இல் இந்நகரில் தோன்றிய ‘ஆனந்த பவன்’ என்னும் பெயரிலும் அப்பொருளே அமைந்துள்ளது. பவனம் என்பது இல்லமன்றோ? இரு பெயர்ப்பலகைகளும் நம்மை வீட்டிற்கே அழைக்கின்றன. அழைப்பு மெய்யா என்று ஆராய்வது திறனாய்வாளர் கடமை.

இதற்கு விடை இரு மொழிகளின் சொற்களிலேயே உண்டு. தமிழில் ‘விருந்து’ என்பது உணவையும், உண்ண வந்தாரையும், புதுமையையும் குறிக்கும். தொல்காப்பியர் எண்வகை வனப்பினுள் ஒன்றனுக்கு விருந்து எனப் பெயரிட்டதும் புதுமைப் பொருள் பற்றியே. இத்தாலியரின் ‘ஓஸ்பிதே’ என்னும் சொல்லோ விருந்தினர், விருந்தளிப்போர் ஆகிய இருவருக்கும் பொது.

‘விலைக்கு விற்கும் உணவு விருந்தாகுமா?’ எனச் சிலர் வினவலாம். நேரிய வினாவே. மதுரைக்காஞ்சி தின்பண்டம் விற்போரைக் காட்டுகிறது. வள்ளுவர் கூறும் விருந்தோம்பலோ விலை கருதாத இல்லறக் கடன். இரண்டும் ஒன்றல்ல. எனினும், விலைச்சீட்டில் இடம்பெறாதது ஒன்றுண்டு, அது முகம். மோந்தால் அனிச்சம் வாடும். முகம் மாறினால் விருந்தினர் வாடுவர் என்பது குறட்கருத்து. உணவிற்கு விலை உண்டு. முகமலர்ச்சிக்கு விலை இல்லை.

குடும்ப உணவகங்களில் காணக்கூடிய குறை, பழகியவர்க்கு ஒரு முகமும் புதியவர்க்கு மற்றொரு முகமும் காட்டுவதாகும். பழகியவரைப் போற்றுதல் நட்பு. புதியவரைப் போற்றுதலே விருந்து. இத்தாலிய உணவுப் பட்டியலைப் படிக்கத் தெரியாது தயங்கும் தமிழரும், சிராங்கூன் சாலையில் வாழையிலைமுன் கையால் உண்ணத் தயங்கும் இத்தாலியரும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர்? உரைகல் அதுவே.

‘ஓஸ்பிதே’ இருவருக்கும் பொதுச்சொல்லாதலின் உண்பார்க்கும் கடமை உண்டு. நம் இலையில் சோறும் கறியும் ஒருங்கே அமையும். இத்தாலிய முறையிலோ தொடக்கவுணவு, பின்னர்ப் பாஸ்தா, அதன்பின் இறைச்சி அல்லது மீன் என ஒவ்வொன்றாக வரும். ‘எல்லாவற்றையும் ஒன்றாகக் கொணர்க’ எனப் பணித்து, பிறகு சுவையில்லை என்று குறை கூறுவது, வெண்பாவின் இலக்கணங்கொண்டு ஆசிரியப்பாவை அளப்பது போலாம்.

விண்மீன்களை எண்ணுவோர் எண்ணுக. சமையல் தேர்ச்சிக்கு அது சான்றே. ஆயின், ‘வீடு’ என்று பெயர் பூண்ட உணவகத்தை மதிப்பிடப் புகுவோர் சுவையை எழுதியதோடு நில்லாது, அறிமுகமற்ற ஒருவர் அங்கே எவ்வாறு வரவேற்கப்பட்டார் என்பதையும் எழுதுதல் வேண்டும். அஃதில்லாத திறனாய்வு சமையலறையை மட்டும் கண்டது, வீட்டைக் கண்டதன்று.