கச்சிக்குள் ஒரு கன்னடத் தூண்

பார்த்துவிட்டேன்! காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மண்டபத்துத் தூணில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டிவைத்த பழங்கன்னடக் கல்வெட்டைக் கண்ணாரப் பார்த்துவிட்டேன். இதை எழுதும்போதுகூட விரல் ஒரு நிலையில் இல்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் சொல்லாமல் தூக்கம் வராது.

இந்தப் பித்து பிடித்த கதை வேடிக்கையானது. சின்ன வயதில் நான் படித்த பள்ளியில் வேதாகம வகுப்பு உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அம்மோன் புத்திரர் கதைதான். லோத்துவின் வம்சம் என்பதால் அவர்கள் இஸ்ரவேலருக்குப் பங்காளிகள். மொழியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஓயாத சண்டை. யாபேசில் இருந்த இஸ்ரவேலரின் வலது கண்ணைப் பிடுங்குவேன் என்று அம்மோன் ராஜா நாகாஸ் மிரட்டுவான். இஸ்ரவேல் ராஜா தாவீது அனுப்பிய தூதர்களின் தாடியைப் பாதி சிரைத்து அனுப்புவான் ஆனூன். அதற்குப் பதிலாக ரப்பா நகரம் முற்றுகையிடப்படும். அங்கேதான் தாவீதின் வீரன் உரியா சாவான். கடைசியில் அம்மோன் ராஜாவின் பொற்கிரீடம் தாவீதின் தலைக்கு ஏறும். பிறகு அதே அம்மோன் தேசத்து நாமாள் தாவீதின் மகன் சாலொமோனுக்கு வாழ்க்கைப்பட்டு, ரெகொபெயாமுக்குத் தாயாவாள்! அந்த ரப்பாதான் இன்றைய ஜோர்டானின் தலைநகர் அம்மான்.

வளர்ந்தபின் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. அம்மோனியர் இதையெல்லாம் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? அவர்கள் எழுத்தில் நமக்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம். அம்மான் கோட்டைமேட்டில் கிடைத்த உடைந்த கல்வெட்டு ஒன்று. 1972இல் தெல் சீரானில் அகப்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் வெண்கலக் குப்பி ஒன்று. சில முத்திரைகள், ஓட்டுத் துண்டுகள். அந்தக் குப்பியில் அம்மினதாப் என்ற அரசனின் பெயர் இருக்கிறது. சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆக, அந்தப் பகையின் கதை முழுக்க ஒரு பக்கத்தார் சொன்னதுதான். இரண்டு பக்கமும் பேசுகிற ஒரு பகை எங்காவது கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். அது காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்திருக்கிறது!

பல்லவருக்கும் வாதாபிச் சாளுக்கியருக்கும் நடந்தது சாதாரணப் போரா என்ன? தலைமுறை தலைமுறையாக, நூறு வருஷத்துக்கும் மேல். சாளுக்கியச் செப்பேடு பல்லவரை 'இயற்கைப் பகைவர்' என்றே சொல்கிறது. பாம்புக்கும் கீரிக்கும் உள்ள உறவு போல. 634ஆம் ஆண்டு ஐகொளெக் கல்வெட்டில் ரவிகீர்த்தி, தன் அரசன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய தூசிக்குள் பல்லவன் காஞ்சி மதிலின் பின்னே ஒளிந்தான் என்று பாடுகிறார். பல்லவரின் காசாக்குடிச் செப்பேட்டைக் கேளுங்கள்: மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. அந்தப் புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். ஒரே போரைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள் என்பது பல அறிஞர்களின் கருத்து. ஒவ்வொருவரும் தன் வெற்றியைத்தான் சொல்கிறார்கள். அம்மோனில் கிடைக்காதது இங்கே கிடைத்தது, பார்த்தீர்களா!

பிறகு மகேந்திரன் மகன் மாமல்லன் நரசிம்மவர்மன், 642 வாக்கில் வாதாபியையே பிடித்து 'வாதாபிகொண்டான்' ஆனான். அந்த வெற்றியை, இன்றைய பாதாமியான அந்த ஊரின் பாறையிலேயே வெட்டிவைத்தான். சிதைந்த நிலையில் அது இன்றும் இருக்கிறது. அந்தப் படையெடுப்பில் போன பரஞ்சோதிதான் பிற்பாடு சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்று பெரியபுராணம் பேசுகிறது. 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்த நம் வீடுகளில் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் முடிந்திருந்தது. மிச்சக் கதைதான் தேன்!

புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டான், காஞ்சிக்குள்ளும் புகுந்தான். பல்லவன் பரமேசுவரவர்மன் அவனை ஓடவிட்டான் என்று நம் கூரம் செப்பேடு சொல்கிறது. அந்தப் பரமேசுவரவர்மனின் மகன்தான் ராஜசிம்மன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் கட்டியதுதான் இந்தக் கைலாசநாதர் கோயில், அன்றைய பெயரில் ராஜசிம்மேச்சரம்.

அந்தக் கோயிலைச் சொல்லாமல் எப்படிப் போவது! விடியற்காலை போங்கள். மணற்கல் விமானத்தின் மேல் வெயில் விழும்போது கல் தேன்நிறமாகிறது. திருச்சுற்று நெடுக ஐம்பத்தெட்டு சின்னஞ்சிறு கோயில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவன். எங்கே திரும்பினாலும் பின்கால் ஊன்றி எழும் சிங்கத் தூண்கள். சில மாடங்களில் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம்: ஒரு கண், ஒரு கிரீடத்தின் ஓரம், மங்கிய சிவப்பு. ராஜசிம்மனின் பட்டப்பெயர்களைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறார்கள், இருநூறுக்கும் மேல். கருவறையைச் சுற்றும் குறுகிய வழியில் ஊர்ந்து புகுந்து ஊர்ந்தே வெளியே வந்தேன். அது மறுபிறவிக்குச் சமம் என்று ஊரில் சொல்கிறார்கள்.

அதன்பிறகுதான் மண்டபம், அந்தத் தூண்.

இரண்டாம் விக்கிரமாதித்தன் 740 வாக்கில் நந்திவர்மப் பல்லவமல்லனை வென்று காஞ்சிக்குள் வருகிறான். கடுமுகவாத்தியம், சமுத்திரகோஷம் என்ற இசைக்கருவிகளையும் யானைகளையும் மாணிக்கக் குவியலையும் எடுத்துக்கொள்கிறான். அவன் முன்னோர்களின் தலைநகரைப் பிடித்தவர்களின் ஊர் இது. என்ன செய்திருக்க வேண்டும்? அவனோ ஊரை அழிக்கவில்லை. ஏழைகளுக்கும் அந்தணர்களுக்கும் தானம் கொடுக்கிறான். ராஜசிம்மேச்சரத்துக்கு வந்து, இறைவனின் செல்வத்தைப் பார்வையிட்டு, அத்தனையையும் அந்த இறைவனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்! அவன் மகன் கீர்த்திவர்மனின் செப்பேடுகளும் இதையே சொல்கின்றன. அதைத்தான் இந்தத் தூண் தன் மொழியில், கன்னடத்தில் சொல்கிறது. இந்த எழுத்தை அழிப்பவன், இவ்வூர்க் கடிகையின் பெருமக்களைக் கொன்றவன் போகும் உலகத்துக்குப் போவான் என்று சாபமும் உண்டு. கடிகை என்பது காஞ்சியின் புகழ்பெற்ற கல்விச்சாலை. வென்றவன் தன் எழுத்துக்குக் காவலாகத் தோற்ற ஊரின் கல்விச்சாலையை நிறுத்துகிறான். அந்த வரியின் பொருளைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூணின் முன் நின்றபோது மறுபடியும்.

இன்னொன்று யோசியுங்கள். அவன் போனபின் பல்லவமல்லன் திரும்பி வந்து வெகுகாலம் ஆண்டான். வைகுந்தப் பெருமாள் கோயிலைக் கட்டிப் பல்லவ வரலாற்றையே சுவர்ச் சிற்பமாகச் செதுக்கவைத்தான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கல்தச்சனை அனுப்பி இந்தத் தூணைச் செதுக்கித் தள்ள எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? செய்யவில்லை. பின்னால் வந்த சோழரும் செய்யவில்லை. ஏறக்குறைய 1,280 வருஷமாகப் பகைவன் கையெழுத்தைக் காஞ்சி தன் கோயிலுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இந்த ஊர்மேல் எனக்குக் காதல் வந்ததே இதனால்தான்.

விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாகப் பட்டதக்கல்லில் ஒரு சிவாலயம் எழுப்பினாள். அதுதான் இன்றைய விருபாட்சர் கோயில். கட்டிய சூத்ரதாரி, அதாவது தலைமைச் சிற்பி, குண்டனுக்கு 'திரிபுவனாசாரி' பட்டம் கிடைத்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. சர்வசித்தி ஆசாரி என்ற இன்னொருவரைத் தென்திசைச் சூத்ரதாரி என்று அங்கேயே குறித்திருக்கிறார்கள். அந்தக் கோயிலின் அமைப்பில் நம் ராஜசிம்மேச்சரத்தின் சாயல் அப்படியே தெரிகிறது என்று கலை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காஞ்சியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நம் கோயிலுக்கு ஒரு தங்கை!

கோயிலிலிருந்து நேரே பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் வீட்டுக்குத்தான் ஓடினேன். பெரியவர் தறிக்குழியில் இருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வைச் சேலை. அந்தப் பக்கம் கரைநாடாவைப் போட ஒரு பையன். நான் மூச்சுவிடாமல் முழுக் கதையையும் கொட்டினேன். தறி நின்றுவிட்டது.

"அறுவது வருசமா அந்தக் கோயிலுக்குப் போறேன் தம்பி. அந்தத் தூண்ல சாஞ்சு உக்காந்திருக்கேன். யாரும் சொல்லலியே!"

"நானே இப்பத்தான் பார்த்தேன் ஐயா."

போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வட்ட வட்டமான அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்தார். பிறகு கேட்டார்.

"அந்த ராணியம்மா கட்டுன கோயிலு இருக்குதே, அது நம்ம கோயிலு மாதிரியேவா இருக்குது?"

"படத்தில்தான் பார்த்திருக்கிறேன் ஐயா."

"அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க."

தை மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. சேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அவரும் வருகிறார்.