விறகு விற்ற திருவிளையாடலும் மேடை நடிப்பும்

ஆலவாய்ப் பெருமான் விறகாளாய் எழுந்தருளிய வரலாறு, பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்து 41ஆம் படலமாகும். மதுரை ஆவணி மூலப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெறும் இதனை, அந்நகரின் அயலதோர் ஊரில் இளைஞர் சிலர் இசை நாடகமாக நடித்துக் காட்டினர். அந்நடிப்பின் குணமும் குற்றமும் ஈண்டு ஆராயத்தக்கன.

பாணபத்திரராக வந்தவர் பாத்திரத்தின் உள்ளமறிந்து நடித்தார். ஏமநாதனுடைய மாணாக்கர் பாட்டைத் தெருவிற் கேட்டு, 'இவர்தம் ஆசிரியன் திறம் எத்தகையதோ!' என நடுங்கிக் கோயில் புக்க காட்சியில் அவர் ஒரு சொல்லும் பேசிற்றிலர். யாழை நிலத்தில் வைத்துக் கைகூப்பி நின்றமையே முறையீடாயிற்று. அவையும் அவரோடு அடங்கிற்று.

ஏமநாதன் வேடம் பூண்டவர் குரல்வளம் உடையவர். எனினும் அவையோரை நகைப்பித்தலே கருத்தாகக் கொண்டு அவ்வடபுலத்து இசைவாணனைக் கோமாளி ஆக்கிவிட்டார். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில் டி. எஸ். பாலையாவும் இவ்வேடத்தில் நகை விளைத்தாரன்றோ எனின், ஆண்டுப் பாலமுரளிகிருஷ்ணாவின் பாட்டு அச்செருக்கின் பின்னே மெய்ப்புலமை உண்டென்பதை உணர்த்திற்று. மேடையினரோ நகையைக் கொண்டு புலமையை விடுத்தனர். பேதை ஒருவனைத் துரத்துதற்கு இறைவன் விறகு சுமந்து வரவேண்டுவதின்று. ஏமநாதன் உயர உயரவே திருவருளின் உயர்வும் புலனாம்.

விறகாளாக வந்தவர், இன்று பந்துவராளி என வழங்கும் சாதாரிப்பண்ணை ஆரவாரமின்றி விளம்பத்திற் பாடியது பாராட்டற்குரியது. ஆயின், பாட்டிற்குப் பின் அமைந்த விடையில் அவர் தவறினார். 'மூப்பினால் இசைக்கு ஆகாய் எனப் பாணபத்திரரால் தள்ளுண்டவன் யான்' என்பது அவ்விடையின் கருத்து. அனைத்திசைக்கும் முதலாயவன், தன் அடியவனுக்கு மாணாக்கனாகவும் தகாதவனெனத் தன்னைத் தாழ்த்திக்கொண்ட எளிமையே இப்படலத்தின் உயிர். அதனை அவர் மீசை முறுக்கி, வீரமொழிபோல் முழங்கினார். கைதட்டல் எழுந்தது, எளிமை மறைந்தது. மேலும், மூத்த விறகாளுக்கு இளமைக் கோலமும் பட்டாடையும் புனைந்தமையால் அவ்விடை பொருளற்றதாயிற்று.

ஏமநாதன் இரவோடிரவாக ஓடியது அச்சத்தால் மட்டும் அன்று. தன் கலையினும் பெரியதொன்றைச் செவியாரக் கேட்டமையாலென்க. மறுமுறை நடிக்குங்கால் இளைஞர்கள் படலத்தை ஒருமுறை ஓதித் தெளிந்து மேடையேறுவாராயின், கண்டோர்க்கு நகையினும் சிறந்த பயன் விளையும்.