அந்த நாள் (1954)

ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படத்தில் பாடலில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943-இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்களே களம். வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுட்டுக் கொல்லப்படுகிறான். சந்தேகத்துக்குரியவர் ஒவ்வொருவர் நினைவிலும் வேறொரு ராஜன் தெரிகிறான்.

இதைக் குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அங்கே உண்மை கடைசிவரை பிடிபடுவதில்லை. இங்கே துப்பறியும் அதிகாரி (ஜாவர் சீதாராமன், எழுத்தும் அவரே) கண்டுபிடித்துவிடுகிறார். ஒப்பீடு பாதிதான் பொருந்துகிறது.

சுட்டவள் மனைவி உஷா (பண்டரிபாய்) என்று தெரிந்து பார்த்தாலும் படம் தளர்வதில்லை. தன் திறமையை மதிக்காத நாட்டைக் காட்டிக்கொடுத்தவனின் கசப்பில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கணவனா, நாடா என்ற உஷாவின் தவிப்பு அதனால்தான் கனக்கிறது. கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பக்கம் குறும்படம் எடுக்கும் மாணவர்கள் பின்னணி இசையை ஏற்றுமுன் இதன் மௌனங்களைக் கவனிக்கலாம்.