மணி என்னும் சொல்

ஒரு சொல் பல பொருள் குறித்து வருதலைப் பலபொருள் ஒருசொல் என்பர் இலக்கண நூலார். அவ்வகைச் சொற்களுள், நன்கறிந்ததெனக் கருதி மாணவர் ஆராயாது விடுவது ‘மணி’ என்பதாகும். கோயிலிலும் பள்ளியிலும் நாள்தோறும் கேட்டுப் பழகிய ஓசையால், மணி என்றதும் ஒலிக்கும் மணியே உள்ளத்தில் எழுகின்றது. இப்பழக்கம் இலக்கியம் கற்குமிடத்து இடர் விளைப்பதாம்.

யானையின் மருங்கிலும் ஆனிரையின் கழுத்திலும் ஒலிக்கும் மணி சங்க நூல்களில் உண்டு. ஆயினும், நீலமணியும் அதன் நிறமும் அந்நூல்களிலேயே அச்சொல்லாற் குறிக்கப்படும். அகநானூற்றின் 400 பாட்டுக்களுள் இடைப்பட்ட 180 பாட்டுக்களின் தொகுதிக்கு மணிமிடை பவளம் என்று பெயர். செம்பவளத்திடையே நீலமணி விரவிய கோவையே அப்பெயர் தரும் காட்சி. ஓசைக்கு ஆண்டு இடமில்லை. சிவபெருமானை மணிமிடற்றன் என்பதும் நஞ்சுண்டு கறுத்த கண்டத்தின் நிறம் பற்றியேயாம்.

பொருள் பிறழின் நேரும் கேட்டைச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையிற் காண்க. பாண்டிமாதேவியின் சிலம்பிற் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிற் பரல் மணி, அஃதாவது மாணிக்கம். உடைத்த சிலம்பினின்று மணி தெறித்ததைக் கண்டே மன்னன் தன் தீர்ப்புப் பிழையென உணர்ந்து உயிர் நீத்தான். அதனைச் சதங்கையின் மணியெனக் கொள்ளின், இரு சிலம்புக்கும் உள்ள வேறுபாடு மறையும். கோவலன் கள்வன் அல்லன் என்பதற்குச் சான்றும் இல்லாது போம். ஒரு சொல்லின் பொருளிலே ஒரு காப்பியத்தின் நீதி தங்கியிருத்தல் நோக்கற்பாலது.

காலங் குறிக்கும் மணியோ பிற்பட்ட வழக்கு. முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். இரண்டரை நாழிகை இன்றைய ஒரு மணி. பொழுதறிய அடித்த மணியின் பெயரே பொழுதின் அளவுக்கும் ஆயிற்று. கடிகாரத்தை மணிக்கூடு என்னும் நம் ஈழத்து வழக்கு இத்தொடர்பைத் தெளிவுறக் காட்டும். நெல்மணி என்பது உருவொப்புமை பற்றியது. கண்மணி என்பதிலோ கருமையும் அருமையும் ஒருங்கே அமைந்துள்ளன.

தேர்வுக் கையேடுகள் பலவும் இப்பொருள்களை நிரலே அடுக்கிவிட்டு, எவ்விடத்து எப்பொருள் கொள்வதென உரைப்பதில்லை. இதனால் மாணவர் பட்டியலை மனனஞ் செய்கின்றனரேயன்றிப் பாட்டை உணர்கின்றிலர். அடுத்து நிற்குஞ் சொல் யாது, பேசப்படுவது ஒலியோ நிறமோ உருவமோ என வினவின் பொருள் தானே புலனாகும். கல்லடி உப்போடையில் துயிலும் விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ் நூலில், சிலப்பதிகாரத்து இசைச் சொற்களை இடம் நோக்கி ஆராய்ந்தே தெளிந்தார். அந்நெறி அறிஞர்க்கு மட்டும் உரியதன்று; வகுப்பறையில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேனும் நாம் பின்பற்றத் தக்கதாம்.