உற்றார் அவையில் ரதி புலம்பல்

மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பெற்றோரின் செவியைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் இனியவை என்பர் என்பது அது. இதனை அன்பின் சிறப்புரைக்கும் குறளாக நாம் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்துவிடுகின்றோம். ஆயின், திறனாய்வு பயில்வோன் ஒருவன் இக்குறளைப் படிக்குங்கால் அவனுக்குச் சிறிது அச்சமே தோன்றும். குழலும் யாழும் பண்ணிலக்கணத்துக்கு அமைந்தவை. மழலைக்கு அவ்விலக்கணம் இல்லை. இலக்கணமில்லாததனை இலக்கணமுடையதனினும் இனிதெனக் கொள்ளும் செவி, அரங்கில் ஆடுவோன் தன் மகனாகவோ மருகனாகவோ இருக்கும்போது நடுவு நிலையில் நிற்குமோ?

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. மாத்தளைக்கு வடக்கே, பல்லேபொலையை அடுத்த தோட்டமொன்றில், மாசி மாத முழுநிலா இரவில் நடைபெற்ற காமன் கூத்தினைக் காணச் சென்றிருந்தேன். அன்று ரதியாக ஆடியவன் என் தமக்கையின் மகன்.

காமன் கூத்தினை அறியாத மாணவர்க்காக ஒரு சில சொல்லுதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருள் மிகப் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். எஞ்சியோர் கொணர்ந்த செல்வங்களுள் இக்கூத்தும் ஒன்று. சிவன் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்துபட, ரதி புலம்பி அவன் உயிரை மீட்டல் என்பதே கதை. மாசி வளர்பிறையிற் காமன் நட்டு, ரதியும் மன்மதனும் லயந்தோறும் சென்று ஆடி, முழுநிலா இரவிற் காமனை எரிப்பர். ரதியும் ஆடவனே. பக்கவிசை தப்பு. சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கோலால் அளந்து கூறுகின்றது. இங்கோ காண்போர் விலகி நிற்கும் இடமே அரங்கு. அவர்கள் நெருங்கினால் அரங்கும் சுருங்கும்.

அவ்வட்டத்தில் நின்றோருள் ஆடுவோர்க்கு உறவல்லாதார் மிகச் சிலரே. வீரபத்திரன் தீப்பந்தத்தோடு பாய்ந்து வந்தபோது, அவன் தந்தையார் கைத்தொலைபேசியில் அவனை மட்டும் படம் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினார். மன்மதன் எரிந்ததை அவர் கண்டாரோ என்பது ஐயம். இத்தகைய காட்சியைக் கண்டே நகரத்துத் திறனாய்வாளர், உற்றார் கூடிய அவையிற் கலைக்கு மதிப்பீடு இல்லை, கைதட்டலே உண்டு என்று கூறிவிடுகின்றனர். அந்தத் தந்தையாரை நகைக்கும் உரிமை எனக்கு இல்லை. ரதி புலம்பல் தொடங்கியபோது என் மருகன் தேம்பினான்; குரல் உடைந்தது; சொற்கள் கண்ணீரில் நனைந்து சிதறின. நானும் அழுதேன். இதனினும் சிறந்த ரதியைக் கண்டதில்லை என்று அருகில் நின்றவரிடம் சொல்லியும்விட்டேன்.

தமக்கையார் சற்றுத் தள்ளி, முதிய பெண்டிர் சிலரோடு நின்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. நான் அருகிற் சென்றதும், "சொல்ல முழுங்கிட்டான், தம்பி. நாலாவது அடி காதிலேயே விழல்ல" என்றார். உடனிருந்த கிழவியார் ஒருவர், "மூச்ச முதல்லயே விட்டுட்டான்" என்று சேர்த்துச் சொன்னார்.

என் கண்ணீர் அப்போதே உலர்ந்தது. புலம்பல் என்பது அழுகையன்று. அழுகையைத் தாங்கி நிற்கும் பாட்டு. ஒப்பாரி பாடும் பெண்டிரை உற்று நோக்கினால் இது விளங்கும். இறந்தாரை விளித்து, அவர் சிறப்பை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அடியின் இறுதிச் சொல் முற்றும் வரையில் மூச்சை அடக்கி வைப்பர். விம்மல் அவ்விறுதிக்குப் பின்னரே வரும். சொல்லின் நடுவே விம்மினால் இறந்தவர் யார், இழந்தது யாது என்பது கேட்போர்க்கு எட்டாது போம். திரைப்படத்திற் கண்ட தேம்பலை என் மருகன் கூத்திற் கொணர்ந்தான். அங்கே முகம் அண்மையிற் காட்டப்படுவதால் சொல் சிதைந்தாலும் பொருள் சிதையாது. இருளிலே, தப்பொலிக்கு நடுவே, நூறு பேருக்கு அப்பால் நிற்பவர்க்கு ரதியின் முகம் ஏது? சொல் ஒன்றே அவர்க்குத் துணை.

எங்கள் அன்னையார் மறைந்த நாளில் ஒப்பாரி எடுத்தவர் இத்தமக்கையாரே. நானோ அன்று ஆண்மக்களுக்குரிய காரியங்களைச் செய்துகொண்டு வாய்திறவாது நின்றேன். ஒரு துயரத்தை இறுதியடி வரையிற் கொண்டுசெல்வது எத்துணை அரிது என்பதனை அவர் தம் தொண்டையால் அறிந்தவர். ஆதலின் மகன் என்னும் பாசம் அவர் செவியை மறைக்கவில்லை.

மேலே குறித்த அதிகாரத்திலேயே, தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்டு மகிழும் தாயைப் பற்றிய குறளும் உண்டு. பெண் தன் இயல்பினால் தானாக அறியமாட்டாள் ஆதலாற் பிறர் சொல்லக் கேட்டாள் எனப் பரிமேலழகர் உரை விரிப்பர். உரையாசிரியருள் தலையாயவர் அவர் என்பதில் ஐயமின்று. எனினும் இவ்விடத்தில் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. அன்றிரவு தானாக அறிந்தவர் தாயே. அறியாது மயங்கியவன் கற்ற மாமன். குறளின் கருத்து வேறாக இருத்தல் கூடும். தந்தையின் கடன் மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தல் என அவ்வதிகாரமே கூறுதலின், மழலை கேட்கும் இல்லத்தையும் சான்றாண்மை அளக்கும் அவையையும் வள்ளுவர் வேறாகவே வைத்தார் எனலாம். தாய் பிறர் வாயிலாகக் கேட்பது அவளது அறியாமையாலன்று. அவையின் தீர்ப்பு அவையிலிருந்தே வரவேண்டும் என்னும் முறைமையாலாகும். கூத்து வட்டத்திலோ இல்லமும் அவையும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே தாய் மகிழ்வதற்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டியவளாகின்றாள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இற் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றி, விடியும்வரை ஆடப்பெற்ற கூத்தினைச் சுருக்கிக் கற்றோர் அவைக்குக் கொணர்ந்தமை நாமனைவரும் நன்றியோடு நினைப்பதொன்று. அதனாற் கூத்தினைக் கலையாக மதிக்கும் கண் நமக்கு வாய்த்தது. ஆயினும் கட்டணங் கொடுத்து அமர்ந்திருப்போருள், நாலாம் அடி விழவில்லை என்று சொல்லத்தக்கவர் எத்தனை பேர்? பாட்டு முழுவதும் முன்னரே செவியில் இருப்பவர்க்கன்றோ விடுபட்டது தெரியும்! அத்தகையோர் தோட்டத்து வட்டத்திலே இன்னும் நிற்கின்றனர். அவர்களை நம் இதழ்களில் எழுதுவோர் திறனாய்வாளர் என்று குறிப்பதில்லை.

அடுத்த மாசிக்கும் ரதி வேடம் அவனுக்கே என்றார் வாத்தியார். தமக்கையார் மறுத்தாரில்லை, ஆனால் அக்கிழவியாரின் லயத்துக்கு மாலைதோறும் சென்று புலம்பலைச் சொல்லிக் காட்டிவருதல் வேண்டும் என ஒரு நிபந்தனை விதித்தார். மருகன் என்னைப் பரிந்து பேசுமாறு நோக்கினான். நான் வாளாவிருந்தேன்.